நிலமும் கைவினையும்: மலையகத் தப்பு

கண்டியைச் சூழ்ந்த கைவினைக் கிராமங்களைக் காணச் செல்வோர், அவை நிலைத்திருந்த காரணத்தைப் பெரும்பாலும் வினவுவதில்லை. கண்டி மன்னர் ஆட்சியில் கொல்லரும் தச்சரும் குயவரும் தம் தொழிற்சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். அந்நிலமே கைவினையைப் பேணிற்று. 1832இல் அரசுக்குரிய இராஜகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும் கோயில் நிலங்களில் அவ்வழக்கம் தொடர்ந்தது.

அம்மலைநாட்டிலேயே, அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கு லயன் அறையன்றி நிலம் கிட்டவில்லை. எத்தொழில் மரபினராயினும் தோட்டத்தின் கணக்கில் அவர்கள் நாட்கூலிகளே. குயவுச் சக்கரம் சுழல அங்கு இடமேது?

எஞ்சியவற்றுள் முதன்மையானது தப்பு. மரச்சட்டத்தில் தோல் போர்த்தி, தீயில் வாட்டி முறுக்கேற்றும் அக்கருவிக்குப் பட்டறை வேண்டுவதில்லை. லயன் வாசலே போதும். காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் முழங்கிய அதனைத் தோட்ட நிர்வாகமும் தன்வயப்படுத்திற்று. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பொலியே. துரைமாரின் கடிகாரமாயிற்று எனினும் தகும். அதை அடித்தோரோ சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர். எனவே, தப்பைத் தொட மறுக்கும் இளைஞரை மரபழித்தோர் எனச் சாடுதல் நேரிதன்று. நிலம் தராத மரபு அவர்களுக்கு இழிவை மட்டும் தந்தது. ஆயினும் மாசி மாதத்தில், காமன் கூத்து நிகழும் தோட்டங்களில், தப்பைத் தீயில் வாட்டுவோரை இன்றும் காணலாம்.