பாலைவன வான்தளமும் கயத்தாறு ஓடுதளமும்: போர்க்காலத் தரைவாழ்வை எழுதுதல்

முன்னுரை

இரண்டாம் உலகப்போரின் வான்படை வரலாறு பெரும்பாலும் விமானிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஒரு போர் விமானம் வானில் இருப்பது சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் அது தரையில் நிற்கிறது. அத்தரைவாழ்வை வடஆப்பிரிக்கத் தளங்களின் வழி விளங்கிக்கொண்டு, தென்காசிக்குக் கிழக்கேயுள்ள கயத்தாறு ஓடுதளத்தை எவ்வாறு ஆராயலாம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பாலைவனத் தளம்

1940 முதல் 1943 வரை எகிப்து, லிபியாப் போர்முனையில் முன்னணி வான்தளம் என்பது பெரும்பாலும் கல் அகற்றிச் சமன் செய்த நிலமும் சில கூடாரங்களுமே. போர்முனை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தமையால் தரைப்பணியாளர் இரு குழுவாயினர். ஒரு குழு இருக்கும் தளத்தில் விமானங்களைப் பேண, மற்றொன்று லாரிகளில் முன்சென்று அடுத்த தளத்தை ஆயத்தம் செய்தது. குடிக்கவும் கழுவவும் ஆளொன்றுக்கு நாள்தோறும் ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 4.5 லிட்டர் நீரே பலமுறை கிடைத்தது. ஹரிக்கேன் விமானத்தின் முகப்படியில் பொருத்திய தூசு வடிகட்டி இயந்திரத்தைக் காத்தது, வேகத்தையோ குறைத்தது. 4 காலன் பெட்ரோல் தகரங்கள் எளிதில் ஒழுகின. காலித் தகரத்தை வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றி எரித்துத் தேநீர் காய்ச்சினர்.

பாலையிலிருந்து தென்திசைக்கு

இப்பாலைவனத்தில் போரிட்ட 30ஆம் ஸ்குவாட்ரன், 1942 மார்ச்சில் இண்டாமிட்டபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் வழியாக இலங்கையின் இரத்மலானையை அடைந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை எதிர்கொண்டது. தமிழகத்திலும் சூலூர், உளுந்தூர்பேட்டை, சோழவரம், கயத்தாறு முதலிய இடங்களில் போர்க்கால ஓடுதளங்கள் அமைந்தன.

கயத்தாறு பாலைவனமன்று, எனினும் மழைமறைவு நிலம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் பொழியும்போது, கிழக்குச் சமவெளிக்கு வருவது பெரும்பாலும் காற்றே. இன்று காற்றாலைகளைச் சுழற்றுவதும் அக்காற்றுதான். ஆகவே நீர், தூசு, காற்று என்னும் மூன்றும் இங்கும் தரைவாழ்வை அறிவதற்குரிய அளவுகோல்கள்.

சான்றுகளின் இயல்பு

பிரித்தானிய வான்படைப் பிரிவுகளின் 540ஆம் படிவம் அன்றாட நிகழ்வுகளின் பதிவேடு. பறப்பும் வானிலையும் இழப்பும் அதில் இடம்பெறும். கல் உடைத்தோர், நீர் சுமந்தோர், நிலம் இழந்தோர் ஆகியோரை அதன் நோக்கம் தழுவுவதில்லை. அவர்களைத் தேடவேண்டிய இடம் வருவாய்த்துறைப் பதிவுகள்: அடங்கல், நில எடுப்புக் கோப்பு, இழப்பீட்டுக் கணக்கு. 1942இல் கயத்தாறு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடி மாவட்டமும் 2019இல் தென்காசி மாவட்டமும் பிரிந்தமையால், இப்பகுதியின் ஆவணத் தேடல் ஒரே அலுவலகத்தோடு முடிவதற்கில்லை.

முடிவுரை

அன்று இருபது வயதினராய் இருந்தோர்க்கு இன்று நூறு வயது கடந்திருக்கும். வாய்மொழிச் சான்று பெறும் வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது. எனவே கிராமக் கணக்குகளைப் பேணிப் படியெடுப்பது உடனடிப் பணியாகும். விமானிகளின் வரலாற்றுக்குப் படைப் பதிவேடு போதும். ஓடுதளத்தின் வரலாற்றுக்கு நிலத்தின் கணக்கும் வேண்டும்.