கிறிஸ்டியான்பேட்டை: சம்பளம் வேண்டாம் என்ற அருளப்பன்

போன எபிசோடுல செண்பகத்தோப்பு, காட்டழகர் கோயில், சாம்பல் நிற அணில் பத்தியெல்லாம் பேசினோம். அதைக் கேட்ட ஒரு தம்பி ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர் வீடு சி.எஸ்.ஐ., கட்டிக்கப் போற பொண்ணு வீடு பெந்தெகொஸ்தே. திரும்ப ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்னு ஒரு பக்கம், எடுத்தால் வீட்டுப் பக்கம் வராதேன்னு இன்னொரு பக்கம். "அண்ணா, பைபிள்படி எதுதான் உண்மையான சபை?"

நான் சாஃப்ட்வேர் ஆளு, போதகர் இல்லை. தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இதே கேள்வியைக் கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால கேட்டு, அதுக்குப் பதிலா ஒரு ஊரையே உருவாக்கின ஒரு மனுஷன் கதை நம்ம பக்கத்துலயே இருக்கு. செண்பகத்தோப்பிலிருந்து மலையை ஒட்டியே வடக்கே போனால் வத்திராயிருப்பு. அந்தப் பக்கம்தான் கிறிஸ்டியான்பேட்டை. ஊரை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். வருஷம் 1840.

கதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான். 1820-ல் அங்கே வந்தவர் ரேனியஸ், ஜெர்மன்காரர், லுத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். அவரை அனுப்பியதோ சி.எம்.எஸ். என்கிற இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சங்கம். ஆரம்பத்தில் இந்தக் கலப்பு யாரையும் உறுத்தவில்லை. ரேனியஸ் ஊர் ஊராகச் சபைகளை வளர்த்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மறுபடி மொழிபெயர்த்தார். அவருடைய செமினரியில் படித்த பையன்களில் ஒருவர்தான் அருளப்பன். 1810-ல் பிறந்தவர், உக்கிரன்கோட்டைக்காரர்.

சண்டை எதில் வந்தது தெரியுமா? உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் யார் கொடுப்பது என்பதில். ஆங்கிலிக்கன் பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். அப்போஸ்தலர் காலத்தில் மூப்பர்களே கை வைத்து நியமித்தார்களே, பேராயர் கட்டாயம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்பது ரேனியஸ் பக்கத்து வாதம். ஆங்கிலிக்கன் சபை முறையை விமர்சித்து எழுதியும் விட்டார். 1835-ல் சங்கம் அவரை நீக்கியது. கொஞ்ச நாள் ஆற்காடு பக்கம் போனார். சபைகளில் ஒரு பகுதி கூப்பிட, திரும்பி வந்தார். திருநெல்வேலி கிறிஸ்தவம் இரண்டாகப் பிளந்தது. ஒரே ஊர், ஒரே குடும்பம், இரண்டு கட்சி. 1838-ல் ரேனியஸ் இறந்த பிறகுதான் பெரும்பாலும் சமாதானமானது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் இன்னொருத்தர் வருகிறார். ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தில் நல்ல வருமானத்தோட இருந்த பல் டாக்டர். அதை விட்டுட்டு 1829-ல் பாக்தாத்துக்குக் கிளம்பினார். அங்கே 1831 பிளேக்கில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833-ல் இந்தியா வந்தார். அவரும் முதலில் சி.எம்.எஸ்.ஸில் சேர நினைத்தவர்தான். பட்டம் பெறாத நீங்கள் திருவிருந்து நடத்த முடியாது என்று சொன்னார்கள். அதைச் சொல்லும் வசனம் எது என்று தேடினார், கிடைக்கவில்லை. விசுவாசிகள் எங்கே கூடினாலும் அப்பம் பிட்கலாம், அதற்கு குரு தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். பிற்பாடு பிரதரன் என்று அழைக்கப்பட்ட இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர்.

இளைஞர் அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். குரோவ்ஸ் அவருக்கு ஒரு சம்பளம் நிர்ணயிக்கப் பார்த்தார். அருளப்பன் வேண்டாம் என்றார். சம்பளம் வாங்கினால், கூலிக்காகத்தான் பிரசங்கம் பண்றான் என்று ஜனங்கள் பேசுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அன்றைக்கு உபதேசியார் வேலை என்றால் மாதச் சம்பளம், மரியாதை, துரையின் சிபாரிசு. வெள்ளைக்காரர் தானாகக் கொடுக்கும் பணத்தை வேண்டாம் என்பது சும்மா இல்லை. நம்மில் எத்தனை பேர் ஆஃபர் லெட்டரை அப்படித் திருப்பிக் கொடுப்போம்?

அதுக்காக அவர் எந்தக் காசும் தொடவில்லை என்று நினைக்காதீர்கள். காணிக்கைகள் வந்தன, வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பியதும் அதில் உண்டு. வித்தியாசம் என்னன்னா, கொடுத்தவர் முதலாளி ஆகவில்லை. நிறுத்திவிடுவேன் என்று மிரட்ட அங்கே ஒரு சம்பளப் பட்டியல் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தில் முதல் விசுவாசிகள் நாலு காரியத்தில் நிலைத்திருந்ததாக வருகிறது: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். கட்டடம், கோபுரம், அங்கி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கிறிஸ்டியான்பேட்டையின் வழி இதற்கு நெருக்கமானது. தமிழில் நமக்கு ஒரு வசதியும் இருக்கு: 'சபை' என்றாலே கூடியிருக்கும் ஆட்கள்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கும் கூட்டம் என்பதே பொருள்.

1860-ல் கதை வேற லெவலுக்குப் போகிறது. அமெரிக்காவிலும் வட அயர்லாந்திலும் எழுப்புதல் நடந்த செய்திகள் வந்திருந்தன. கிறிஸ்டியான்பேட்டையிலும் ஜனங்கள் நடுங்கி அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள், அந்நிய பாஷையில் பேசினார்கள். அதற்கு அர்த்தம் சொல்கிறவர்களும் இருந்தார்கள். பெந்தெகொஸ்தே வரலாறு லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் 1906-ல் தொடங்கியதாகத்தான் நிறைய பேர் சொல்வார்கள். அதற்கு 46 வருஷம் முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தமிழர்கள் இதைச் செய்தார்கள், மிஷனரி யாரும் தலைமை தாங்காமல்.

சுற்றுவட்டார சி.எம்.எஸ். சபைகளுக்கும் அது பரவியது. மிஷனரிகளுக்குத் தர்மசங்கடம். மனந்திரும்புதல் சந்தோஷம், நடுக்கமும் தரிசனமும் சந்தேகம். அவர்கள் சந்தேகத்தை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. எழுப்புதல் பிற்பாடு திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் 1881-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்தார். அந்த நாள் சும்மா கடந்து போனது. அருளப்பன் அதைப் பார்க்கவில்லை, 1867-லேயே இறந்துவிட்டார்.

இதே ஜில்லாவில், அதே வேதத்தைத் திறந்து வைத்து, நேர் எதிர்த்திசையில் போன ஒருவரும் உண்டு: அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. 1857-ல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில், வெள்ளைக்கார மிஷனை உதறி, தனிச் சபை தொடங்கினார். அவர் போனது பழைய ஏற்பாட்டுக்கு. சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், சுத்திகரிப்பு முறைகள், புளிக்காத திராட்சைரசம். எங்க பாஷையில சொன்னா ஸ்பெசிஃபிகேஷன் ஒண்ணு, இம்ப்ளிமென்டேஷன் ரெண்டு. ரெண்டு பேரும் வசனம் காட்டுவாங்க. ரெண்டு பேருமே மிஷன்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: இது வேதமா, இல்ல உங்க ஊர் வழக்கமா?

தம்பி, உங்க சி.எஸ்.ஐ.க்கும் இதில் பங்கு இருக்கு. 1919-ல் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதில் முன்னணியில் நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். சென்னையில் சி.எஸ்.ஐ. பிறந்தது 1947 செப்டம்பர் 27. இடையில் 28 வருஷம். பேச்சுவார்த்தையை ரொம்ப இழுத்த முடிச்சுகளில் ஒன்று, பேராயர் கை வைக்காத போதகர்களின் பட்டம் செல்லுமா என்பது. அதாவது ரேனியஸை வீட்டுக்கு அனுப்பின அதே கேள்வி. கடைசியில், ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தவர்களுக்கு மறுபடி கை வைக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1-ல் இறந்துவிட்டார்.

இந்தக் கடைசிப் பகுதியை ரெண்டு வீட்டுப் பெரியவங்களையும் உட்கார வச்சுப் போட்டுக் காட்டுங்க. அடுத்த எபிசோடு சட்டாம்பிள்ளை பத்தி மட்டும்.