கொலரா புகட்டும் பாடம்

கொலராவை நம் முன்னோர் விதியென்று அஞ்சினர். ஆண்ட வெள்ளையரோ அதனை ஏழைகளின் அசுத்தத்தால் வந்த வினையென்று பழித்தனர். இருவர் கண்ணுக்கும் எட்டாத உண்மை, மனிதக் குடலின் கலத்தினுள்ளே ஒரு புரதத்தில் மறைந்து கிடந்தது. அது வெளிப்பட்ட வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ந்த ரொபர்ட் கோக், இக்கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கின்றதெனக் கருதினார். ஆனால் அதனை நிறுவ அவரால் இயலவில்லை. முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1959இல், அதே நகரின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சம்புநாத் தே அதனை நிறுவினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியைக் கட்டி, கிருமிகள் வடித்து நீக்கப்பட்ட திரவத்தை அதனுள் செலுத்தினார். கிருமி இல்லாமலே குடலில் நீர் நிரம்பிற்று.

அந்நஞ்சு செய்வது யாது? கலத்தின் மென்சவ்வில் ஜி-புரதம் என்னும் தூதுவன் உண்டு. வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே அறிவித்தவுடன் ஓய்ந்துவிடுவது அதன் இயல்பு. கொலரா நஞ்சோ அதனை ஓயவிடாது பூட்டிவிடுகிறது. செய்தி முடிவின்றி ஒலிக்க, குளோரைட்டு குடலுக்குள் கொட்டுகிறது. அதனைத் தொடர்ந்து நீரும் பாய்கிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லீற்றர் வரை வெளியேறும். ஜி-புரதத்தைக் கண்டறிந்த கில்மனுக்கும் ரொட்பெலுக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது. தே அப்பரிசைப் பெறாமலே 1985இல் மறைந்தார்.

எனினும், நஞ்சினால் கெடாத வழியொன்று கலத்தில் எஞ்சியிருந்தது. குளுக்கோசும் சோடியமும் இணைந்து கலத்துள் நுழையும் அவ்வழியை 1960இல் ரொபர்ட் கிரேன் விளக்கினார். 1971இல், வங்காளதேச விடுதலைப் போரின்போது, எல்லையோரத்துப் போங்காவுன் அகதி முகாமில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் மருந்துநீரோ போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையற்சோடா, குளுக்கோசு கலந்த நீரை நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்கிலும் குறைந்தது.

நற்பிட்டிமுனையில் ஒரு தாய் வயிற்றோட்டங்கண்ட பிள்ளைக்கு ஜீவனியைக் கரைத்துக் கொடுக்கும்போது, அக்கோப்பையிலுள்ளது இந்த அறிவேயாகும். அதனைத் தேடித் தந்தோர் பலர். அதற்கு விலையாக உயிர் கொடுத்தோரோ எண்ணிலர்.

ஆயினும் புரதத்தை அறிந்துவிட்டதனால் நோய் ஒழிந்துவிடவில்லை. 2016இல் தொடங்கி, போரினால் நீர்வழங்கலும் கழிவகற்றலும் சீர்குலைந்த யேமனில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொலரா ஐயத்துடன் பதிவாயினர். அவர்களுக்கு இல்லாமற்போனது அறிவன்று, தூய குடிநீரே. விஞ்ஞானம் காட்டிய வழியில் அந்நீரை ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டுசெல்வது சமுதாயத்தின் கடமை. வகுப்பறையில் கலத்தைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், ஊர்க் கிணற்றையும் உடன் நினைப்பார்களாக.