படத்துக்குக் கீழே யார் பெயர்?

கழுகுமலைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வெட்டுவான் கோயிலைத்தான். 8-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையைச் செதுக்கி எடுத்து, முடிக்காமலே விட்ட கோயில் அது. அதே மலையில் சற்றுத் தள்ளி சமணத் தீர்த்தங்கரர்களின் வரிசை இருக்கிறது. பார்சுவநாதரும் பாகுபலியும் ஆடையின்றி நிற்கிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. தச்சர், குயவர், கொல்லர் பெயர்கள் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவிகளின் பெயர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுகள் தாண்டியும் அந்தப் பெயர்களை வாசிக்க முடிகிறது.

மலையை விட்டு இறங்கினால் தேர் வீதி. அந்த வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா கூடாதா என்ற வழக்கும் பகையும் முற்றி, 1895 பங்குனி உத்திரத்தன்று கலவரமாகி உயிர்கள் போயின. வணிகத்தில் வளர்ந்துவிட்ட ஒரு சமூகத்துக்கே வீதியில் நடக்க அந்த விலை என்றால், சேரி மக்களின் நிலையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மலைமேல் கல்லுடம்பு அம்மணமாக நிற்கலாம். கீழே உயிருள்ள உடம்பு வீதியில் தெரியக் கூடாது.

புகைப்படக் கலை உடல் குறித்த கூச்சத்தை உடைக்கிறது என்று இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிர்வாணப் படங்களைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் வரலாற்றில் கேள்வி வேறு. எந்த உடம்பு மறைய வேண்டும், எந்த உடம்பு திறந்து கிடக்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல் வந்த அரச அறிவிப்புகூட, உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. பக்கத்து ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. 1931 குடிக்கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தமது நூலில் பட்டியலிட்டிருக்கிறார்.

அதே நூலில் எங்கள் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி இன்னொரு குறிப்பும் இருக்கிறது. 1932 டிசம்பர் 24 தேதியிட்ட 'தி இந்து' நாளிதழில் வந்த செய்தி அது. புதிரை வண்ணார்கள் பகலில் வெளியே வரக் கூடாது, அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு, இரவில்தான் துணி வெளுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் என்பதற்கும் கீழே, பார்க்கத்தகாதவர். வெகுநேரம் வற்புறுத்திய பின் பேச வந்தவர்கள் உடம்பெல்லாம் நடுங்க நின்றதாக ஏ. வி. தக்கர் சொல்லியிருக்கிறார். அவர்கள் இருட்டில் வெளுத்தது யார் துணியை? சேரியின் துணியை. பிள்ளைப்பேற்றுத் துணியும் மாதவிலக்குத் துணியும் அதில் அடக்கம். ஆண்டைகளிடம் நாம் கேட்கிற கேள்வியை நம்மிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இதை மறைத்துவிட்டு உடம்பின் விடுதலை பற்றி நாம் பேச முடியாது.

கேமரா இந்த மண்ணுக்கு வந்தபோதும் விடுதலையைக் கொண்டுவரவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோல்களோடும் கேமராவோடும் ஊர் ஊராகப் போனார். மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். வயநாட்டுப் பணியர் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓடியதை அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல உடம்பாகப் பார்த்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறார். எங்களுக்கு அந்தப் பெண்கள் சரியாகவே புரிந்துகொண்டதாகத் தோன்றுகிறது. அந்தப் படங்களின் கீழே மனிதர்களின் பெயர் கிடையாது. சாதியின் பெயர்தான் இருக்கும்.

நூறு ஆண்டுகள் கழித்து கேமரா எங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தது. மதுரையில் மீன் விற்று வளர்த்த ஒரு தாயின் மகன் எம். பழனிக்குமார், மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் படமெடுத்து வருகிறார். 2017-இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவர்தான். அந்தப் படத்தைத் திரையிடப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. ஆபாசக் காட்சி எதுவும் அதில் இல்லை. மலத்தை அள்ளும் கையும், அந்தக் கையின் சாதியும் திரையில் தெரிந்தன. நம் சமூகத்தின் உண்மையான கூச்சம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளை எடுத்த படங்களுக்குப் பழனிக்குமார் வைத்த தலைப்பு 'நானும் ஒரு குழந்தை'. வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் திருநங்கைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். பின்னர் கேமராவைத் தன் வீட்டுக்குள்ளேயே திருப்பினார். அவர் பாட்டி பொன்னுத்தாய், தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். மும்பையில் சுதாரக் ஒல்வே, நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களோடு நீண்ட காலம் நடந்து படமெடுத்தார். எடுக்கிறவரும் எடுக்கப்படுகிறவரும் ஒரே தெருவிலிருந்து வரும்போது பார்வை மாறுகிறது. அழுக்கும் வியர்வையும் படத்தில் இருக்கின்றன. அந்த உடம்புக்குரியவர் நம் கண்ணைப் பார்த்து நிற்கிறார்.

ஆனாலும் தோழர்களே, இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. மலக்குழியில் ஒருவர் இறந்தால் சகதி படிந்த அவர் உடம்பு ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செய்தியில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று எண்ணிக்கைதான் வருகிறது. வீட்டில் மாலை போட்டு வைக்க ஆதார் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்குகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. மலக்குழிச் சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையைப் பெறவும் முதலில் இறந்தவர் இன்னார், இந்த வேலையில்தான் இறந்தார் என்று நிறுவ வேண்டும். பெயரில்லாத படம் அதற்கு உதவாது.

அதனால் எங்கள் கூட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கேமராவோடு வரும் தம்பி தங்கைகளிடம் மூன்றைக் கேட்கிறோம். எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். அவர்கள் சம்மதத்தோடு பெயரையும் செய்யும் வேலையையும் எழுதுங்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அந்த வீட்டுக்குக் கொடுங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே.