தாய்மையும் உரிமையும்

உரிமை என்னும் சொல் எல்லார்க்கும் பொது. ஆயினும், எல்லார் வாழ்விலும் அது ஒரே பொருளைத் தருவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மாதரின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

தாய் அடிமையாயின் சேயும் அடிமையே என 1662-இல் வர்ஜீனியா சட்டம் இயற்றிற்று. கறுப்பினத் தாய் ஈன்ற மகவு பண்ணையாரின் உடைமையாயிற்று. அடிமைத்தளை 1865-இல் அறுந்தது. 20-ஆம் நூற்றாண்டிலோ, ஏழைக் கறுப்பினத் தாய் பிள்ளை பெறுவதே அரசுக்குச் சுமை என்று அதிகாரிகள் சிலர் பேசலாயினர்.

பின்னாளில் குடியுரிமைப் போராட்டத் தலைவராய்த் திகழ்ந்த ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளியாய் இருந்தவர். 1961-இல் கட்டியொன்றை அகற்ற அவர் மருத்துவமனை சென்றார். அவரைக் கேளாமலே கருப்பையையும் அகற்றிவிட்டனர். இக்கொடுமை மலிந்திருந்தமையால், 'மிசிசிப்பி குடல்வால் அறுவை' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று.

1973-இல் அலபாமாவில் 14, 12 வயதுடைய ரெல்ஃப் சகோதரியர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. எழுத்தறியாத தாய், ஊசி மருந்துக்கெனக் கருதித் தாளில் பெருக்கற்குறி இட்டிருந்தார். வழக்கு எழுந்தது. கூட்டரசு நிதியால் ஆண்டுதோறும் 100,000 முதல் 150,000 ஏழையர் கருத்தடைக்கு உள்ளாயினர் என 1974-இல் நீதிமன்றம் கண்டது.

கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அதே 1973-இல்தான். 2022-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1973-இல் அத்தீர்ப்பு வந்தபோது பெண்ணுரிமை இயக்கத்தார் அகமகிழ்ந்தனர். ஆயின், கருத்தடை அறுவைக்குமுன் 30 நாள் காத்திருப்பு வேண்டும் என மருத்துவர் எலன் ரொட்ரிகெஸ் டிரியாஸ் முதலியோர் போராடியபோது, அவ்வியக்கத்தாருள் சிலர் அதனை எதிர்த்தனர். விரும்பிக் கேட்டும் மருத்துவரால் மறுக்கப்பட்ட வெள்ளையின மாதர்க்குக் காத்திருப்பு தடைக்கல்லாய்த் தோன்றிற்று. கேளாமலே அறுக்கப்பட்டவளுக்கோ அதுவே வேலி. இரு சாராரும் வேண்டியது உரிமையே. பட்ட துன்பம்தான் வேறு. 1978-இல் கூட்டரசு அவ்விதியை ஏற்றது.

1994-இல் சிக்காகோவில் கூடிய கறுப்பின மாதர் 12 பேர், 'மகப்பேற்று நீதி' என்னும் கருத்தினை முன்வைத்தனர். பிள்ளை பெறாதிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற பிள்ளையை நல்ல சூழலில் அச்சமின்றி வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றும் அதன் கூறுகளாயின.

முதலாம் உரிமைக்கு ஓங்கி ஒலித்த குரல் மற்ற இரண்டிற்கும் ஒலிக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்தவர்கள், அவ்விரண்டையும் இழந்து தவித்த மாதரே. வரலாறு பயில்வோர் இதனை மறத்தலாகாது.