சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மையங்கள்: சிகிச்சைப் பலன்களைத் தீர்மானிப்பவை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு பரம்பரை நோய். 1989இல் கண்டறியப்பட்ட சி.எஃப்.டி.ஆர். மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதோடு வந்து சேரும்போது இந்நோய் உண்டாகிறது. சளி கெட்டிப்பட்டு மூச்சுக்குழல்களை அடைக்கிறது. கணைய நொதிகள் குடலைச் சென்றடையாததால் உண்ட கொழுப்பு செரிப்பதில்லை. நோயும் மருந்துகளும் ஒன்றேயானாலும், நோயாளிகளின் ஆயுளும் நுரையீரல் திறனும் மையத்துக்கு மையம் மாறுபடுகின்றன.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் லீராய் மேத்யூஸ் 1957இல் தொடங்கிய சிகிச்சைத் திட்டமே இதை முதலில் வெளிக்காட்டியது. குழந்தை இருமித் துவளும் வரை அவர் காத்திருக்கவில்லை. நன்றாக இருக்கும்போதே தீவிரமாகச் சிகிச்சை அளித்தார். அவருடைய நோயாளிகள் மற்ற இடங்களில் இருந்தவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தனர்.

2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் அதையே உறுதிசெய்தது. சிறந்த மையங்கள் நோயாளிகளை அடிக்கடி வரவழைத்தன. நுரையீரல் திறனை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி, சளிப் பரிசோதனை இரண்டையும் கூடுதலாகச் செய்தன. ஆன்டிபயாட்டிக் மருந்துகளை, குறிப்பாகச் சிரைவழி மருந்துகளை, தயங்காமல் கொடுத்தன. ஓடியாடும் சிறுமி ஒருத்தி ஊதிக்காட்டும் அளவு 95 விழுக்காட்டிலிருந்து 89க்கு இறங்கியிருக்கிறது என்று கொள்வோம். "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடலாம். அன்றே சளியைச் சோதித்து, மருந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் திரும்ப அழைக்கவும் செய்யலாம். இழந்த நுரையீரல் திறன் பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை என்பதால், இந்த ஒரு முடிவின் கனம் பெரிது.

உணவின் பங்கும் சிறிதன்று. பிற இடங்களில் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன 1970களில், டொராண்டோ மையம் நொதி மாத்திரைகளோடு கொழுப்பு மிகுந்த உணவைத் தாராளமாகக் கொடுத்தது. குழந்தைகள் எடை கூடி, வளர்ச்சியிலும் தேறினர். தொற்றைத் தடுப்பதும் அதேபோல் முக்கியம். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதால், நோயாளிகளைக் காத்திருப்பறையிலும் பிரித்து வைப்பது இன்று கட்டாய நடைமுறை.

மருத்துவரின் கைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஒப்பீட்டின்படி, கனடா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் அமெரிக்கரைவிட ஏறத்தாழ 10 ஆண்டு கூடுதல். தனியார் காப்பீடு பெற்ற அமெரிக்கரோடு ஒப்பிட்டபோது அந்த இடைவெளி காணப்படவில்லை.

அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை 2006 முதல் ஒவ்வொரு மையத்தின் பலன்களையும் பொதுவில் வெளியிடுகிறது. பெற்றோருக்கு இதை அறியும் உரிமை முன்பே கிடைத்திருக்க வேண்டும். மருந்துகளும் முன்னேறியுள்ளன. 2019இல் ஒப்புதல் பெற்ற டிரைகாஃப்டா என்ற மும்மருந்துக் கூட்டு பலருடைய நுரையீரல் திறனை வெகுவாக உயர்த்தியது. அறிமுகமானபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல்.