கீழ்ப் பேராக்கில் காவலும் குற்றமும்: தெலுக் இந்தானை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சிறு நகரங்களின் குற்ற வரலாறு பெரும்பாலும் குற்றவாளிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். யார் காவல் காத்தார்கள், எதைக் காத்தார்கள் என்பதைப் பொறுத்தே இங்கே குற்றம் எது என்பதும் முடிவாகி வந்திருக்கிறது. இதனை நான்கு கட்டங்களில் காணலாம்.

1. ஆறு

பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டை அமர்த்த வழிசெய்த பங்கோர் உடன்படிக்கைக்கு (1874) மறு ஆண்டே, 1875 நவம்பர் 2இல், பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் பேராக் ஆற்றோரப் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். மலாய்த் தலைவர்களின் வரி உரிமையில் கைவைத்ததும், கடனடிமை முறையை எதிர்த்ததும் பகைக்கு முக்கியக் காரணங்கள். பிரிட்டிஷாருக்கு அது கொலை. இன்றைய மலேசிய வரலாற்றில் அது எதிர்ப்புப் போராட்டம். இதற்காக மலாய்த் தலைவர் மகாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்.

இதற்கு முன்பே, 1873இல், பிரிட்டிஷ் கேப்டன் ஸ்பீடி லாருட் ஈயச் சுரங்கப் பகுதிக்காக இந்தியாவில் திரட்டி வந்த சீக்கிய, பட்டாணியச் சிப்பாய்களே பேராக் ஆயுதப் போலீசுக்கு வித்து. இன்றைய தெலுக் இந்தான் 1882இல் தெலுக் அன்சன் என்ற பெயரில் எழுந்து ஈயத் துறைமுகமானபோது, வணிகத்தைக் காக்கும் காவல் அமைப்பு ஏற்கெனவே உருவாகியிருந்தது.

2. தோட்டம்

தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் ஒப்பந்தக் கூலிமுறையில் வேலையை விட்டு ஓடுவதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அம்முறை 1910இல் முடிவுக்கு வந்த பின்னும் தோட்டம் தனி ராஜ்யமாகவே இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அடிதடியும் கள்ளுக்கடைச் சண்டையும் பெரும்பாலும் போலீசுக்குப் போகாது. கிராணி (தோட்ட எழுத்தர்) விசாரிப்பார், துரை (தோட்ட மேலாளர்) தீர்ப்புச் சொல்வார். வேலை போனால் குடியிருந்த வீடும் போகும் என்பதால் அந்தத் தீர்ப்புக்கு மறுபேச்சு அரிது. ஆகவே போலீஸ் ஏடுகளில் தோட்டத்துக் குற்றம் குறைவாகத் தெரிந்தால், அதை அமைதிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

3. அவசரகாலம்

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. தோட்டத்துக்குள் எட்டிப் பார்க்காத அரசு இப்போது வாசலிலேயே நின்றது. அடையாள அட்டை வந்தது. 1950இன் பிரிக்ஸ் திட்டப்படி லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, முள்வேலிக்குள் அடைபட்டன. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில், ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களை வாசலிலேயே சோதித்தார்கள். கைப்பிடி அரிசி இருந்தாலும் வழக்கு. கடைக்காரர் உணவு டின்களை ஓட்டை போட்டுத்தான் விற்கவேண்டும். அப்போதுதான் கெரில்லாக்களுக்காகக் காட்டுக்குள் பதுக்கினால் கெட்டுப்போகும்.

1958 பிப்ரவரியில், தெலுக் அன்சன் சதுப்பு நிலத்தில் மறைந்திருந்த கெரில்லாத் தலைவர் ஆ ஹோயின் குழுவைத் தேடிப் பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படையினர் வான்குடையில் இறங்கினர். சதுப்பைச் சுற்றிக் காவல் வளையமும் போடப்பட்டது. இறுதியில் ஆ ஹோய் சரணடைந்தார். துப்பாக்கியை விடப் பசியே காவலின் ஆயுதமாக இருந்தது.

4. தோட்டச் சிதைவு

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளரும் வந்தனர். வேலையோடு வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் விட்டுப் பல குடும்பங்கள் நகரம் சேர்ந்தன. கிராணியின் அதிகாரம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்த இடத்தில் வேறு அமைப்பு எதுவும் வரவில்லை.

இப்பின்னணியில், 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்றும் கூறப்பட்டது. விசாரணையின்றித் தடுத்துவைக்க உதவிய 1969ஆம் ஆண்டு அவசரச் சட்டம் விலக்கப்பட்டதும் கும்பல்கள் தலைதூக்கின என்பது போலீஸ் தரப்பு வாதம். இந்த வாதம் தடுத்துவைக்கப்பட்டோர் விடுதலையான காலத்தைக் கணக்கில் எடுக்கிறது; தோட்டக் குடும்பங்கள் குடிபெயர்ந்த காலத்தை எடுக்கவில்லை.

முடிவுரை

நான்கு கட்டங்களிலும் காவல் முதலில் காத்தது வரி, சரக்கு, தோட்டம், ஆட்சி ஆகியவற்றைத்தான். குடிமக்கள் பின்வரிசையில்தான் நின்றார்கள். குண்டர்தனத்தை ஓர் இனத்தின் குணமாகப் பேசுவோர் இந்த வரிசையைப் பார்க்கத் தவறுகின்றனர். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் (தொழிலாளர் காலையில் கூடும் திடல்) துரை சொன்ன தீர்ப்புகளை நேரில் கண்ட முதியோரும், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதைத் தமிழ்ப்பள்ளிகளும் ஆலய நிர்வாகங்களும் தாமதமின்றிக் கையிலெடுக்க வேண்டும்.